வாக்கர், டக்கர், ஃபுல்லர்: தொழில்வழிப் பெயர் சாதிப் பெயர் ஆகுமா?

இந்தியக் கல்விப்புலத்தில் சாதி பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் தலைகாட்டுகிறது. ‘இங்கிலாந்திலும் கொல்லர் ஸ்மித் ஆனார், தையற்காரர் டெய்லர் ஆனார், நெசவாளர் வெப்ஸ்டர் ஆனார். முன்னோரின் தொழிலைப் பெயரோடு சுமப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அப்படியிருக்க இந்தியச் சாதிப் பெயரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது ஏன்?’ என்பதே அவ்வாதம். ஒப்பியல் ஆய்வின் தோரணை இதில் இருப்பதால் மாணவர் பலர் மறுமொழி தோன்றாமல் நின்றுவிடுகின்றனர். ஆயினும் இந்த ஒப்பீடு பெயர்களின் பொருளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அப்பெயர்கள் எப்போது நிலைபெற்றன, எங்கே பரவின, யார் யாரிடம் சென்று சேர்ந்தன என்ற வரலாற்றை அது பார்ப்பதே இல்லை. ஒரே ஒரு பெயரின் வரலாற்றை முழுமையாகப் பின்தொடர்ந்தாலும் ஒப்பீட்டின் குறை விளங்கிவிடும். அதற்கு ஏற்ற பெயர் ‘வாக்கர்’.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் தலைமைப் பதிவாளர் அலுவலகம் மிகுதியாக வழங்கிய குடும்பப்பெயர்களைப் பட்டியலிட்டபோது, முதல் இருபது இடங்களுக்குள் வாக்கர் இருந்தது. பெயரைப் பார்த்த அளவில் ‘நடப்பவர்’ என்று பொருள்கொள்ளத் தோன்றும். உண்மையில் அது கம்பளித் துணித் தொழிலில் ஒரு கட்டத்தைச் செய்தவரின் பெயர். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்குடனும் இழை இடைவெளியுடனும் இருக்கும். அதைத் தொட்டியில் இட்டு, நாட்பட்ட சிறுநீரோ ஒருவகைக் களிமண்ணோ கலந்த நீரில் நெடுநேரம் மிதிப்பார்கள். பிசுக்கு நீங்கும், துணி சுருங்கும், இழைகள் ஒன்றோடொன்று பின்னித் துணி திண்மை பெறும். அந்தக் களிமண் வகையைத்தான் இந்தியக் கடைகளில் முகப்பூச்சுக்காக ‘முல்தானி மிட்டி’ என்று விற்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஃபுல்லர்ஸ் எர்த்’, அதாவது துணி மிதிப்பவரின் மண், என்று பெயர்.

காலால் மிதித்த இந்த வேலையை 12ஆம் நூற்றாண்டு முதல் நீராற்றலால் இயங்கிய மரச் சம்மட்டிகள் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டன. டெம்பிளர் துறவுப்படையினர் 1185இல் எடுத்த சொத்துக் கணக்கெடுப்பிலேயே இங்கிலாந்தில் இத்தகைய ஆலைகள் பதிவாகியுள்ளன. பொருளியல் வரலாற்றாசிரியர் காரஸ்-வில்சன் 1941இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்த மாற்றத்தைப் ‘பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி’ என்றே அழைத்தார். அக்கருத்தை அப்படியே ஏற்காதோரும் உண்டு. எனினும் கம்பளி நெசவு நிகழ்ந்த ஊர்ப்புறங்களில் எல்லாம் இத்தொழில் செய்தவர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் நிலைபெற்றுவந்த காலமும் ஏறத்தாழ அதுவே.

மொழியியல் மாணவருக்குச் சுவையான செய்தி இனிமேல்தான் வருகிறது. இந்த ஒரே தொழிலுக்கு இடைக்கால ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் வழங்கின. முதலாவது வாக்கர். பழைய ஆங்கிலத்தில் ‘வெயல்கன்’ என்ற வினைக்கு உருட்டுதல், புரட்டுதல் என்று பொருள். அதிலிருந்து துணியைப் புரட்டி மிதிப்பவருக்கு ‘வெயல்கெரெ’ என்ற பெயர் வந்தது. ஜெர்மனில் இன்றும் ‘வால்கென்’ என்றால் துணியை இவ்வாறு திண்மையாக்குவதுதான். ஜெர்மானிய மொழிகளிலிருந்து இதே வேர் இத்தாலிய மொழிக்கும் சென்று, அத்தகைய ஆலைக்கு ‘குவல்க்கியேரா’ என்ற பெயரைத் தந்தது. கால்நடையாகச் செல்லுதல் என்ற பொருள் ஆங்கில வினைக்கு இடைக்காலத்தில் வந்து சேர்ந்ததே. ஆகவே, ‘துணிமேல் நடந்ததால் வாக்கர் எனப்பட்டார்’ என்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் காலவரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது. நடத்தல் என்ற பொருள் அச்சொல்லுக்கு ஏற்படும் முன்பே துணித் தொழிலாளி அப்பெயரைப் பெற்றுவிட்டார்.

இரண்டாவது ஃபுல்லர். இது இலத்தீனின் ‘ஃபுல்லோ’ என்ற சொல்லின் வழிவந்தது. பழைய ஆங்கிலத்திலேயே ‘ஃபுல்லெரெ’ என்ற வடிவில் இருந்தது. நார்மானியர் வருகைக்குப் பின் அதற்கு இனமான பிரெஞ்சுச் சொல் இதற்கு வலுச் சேர்த்தது. மூன்றாவது டக்கர். பழைய ஆங்கிலத்தின் ‘தூகியன்’ என்ற வினைக்கு வருத்துதல், துன்புறுத்துதல் என்று பொருள். அடித்தும் இழுத்தும் துணியைப் பதப்படுத்தும் வேலைக்குப் பின்னர் அச்சொல் ஆகிவந்தது. இவற்றில் இரண்டு சொற்கள் ஒரே நூலில் அருகருகே வருவதும் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் லாங்லண்ட் இயற்றிய ‘பியர்ஸ் பிளௌமன்’ என்னும் கவிதைநூலில், துணி உருவாகும் படிநிலைகளைச் சொல்லும் பகுதியில், ஃபுல்லருக்கும் டக்கருக்கும் உரிய வினைகள் இரண்டுமே இடம்பெறுகின்றன.

இம்மூன்று பெயர்களையும் 1881ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை வைத்து நிலப்படத்தில் குறித்தால், ஒழுங்கான ஒரு பாகுபாடு தோன்றும். வாக்கர் யார்க்ஷயர், லங்காஷயர், டார்பிஷயர் முதலிய வடக்கு, நடுப்பகுதி மாவட்டங்களிலும் ஸ்காட்லாந்திலும் செறிந்துள்ளது. டக்கர் டெவன், சாமர்செட், கார்ன்வால் என்னும் தென்மேற்கில் திரண்டுள்ளது. ஃபுல்லர் சஸ்ஸெக்ஸ், கென்ட், சஃபோக், நார்ஃபோக் என்று தென்கிழக்கையும் கிழக்கையும் தனதாக்கிக்கொண்டுள்ளது. இடப்பெயர்களும் இதற்குச் சான்று கூறுகின்றன. வடக்கில் ‘வாக் மில்’ என்று வழங்கும் ஆலை, கார்ன்வாலில் ‘டக்கிங்மில்’ என்ற ஊர்ப்பெயராக நிற்கிறது. டெவன் மாவட்டத்து எக்ஸிடர் நகரில் நெசவாளரும் துணி மிதிப்போரும் சேர்ந்த தொழிற்சங்கத்தின் 15ஆம் நூற்றாண்டு மன்றம் இன்றும் ‘டக்கர்ஸ் ஹால்’ என்றே அறியப்படுகிறது. வேல்ஸ் மொழியில் அதே ஆலைக்குப் ‘பாண்டி’ என்று பெயர். டோனிபாண்டி என்ற ஊரின் பெயரில் அச்சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நெசவாளரைக் குறிக்கும் பெயர்களிலும் இதே வகைப் பாகுபாடு உண்டு. வெப்ஸ்டர் வடக்கிலும் நடுப்பகுதியின் கிழக்கிலும், வெப்பர் தென்மேற்கிலும், வெப் தெற்கிலும் நடுப்பகுதியின் மேற்கிலும் மிகுதி. எனவே வாக்கர், டக்கர், ஃபுல்லர் பாகுபாடு தற்செயலாக அமைந்தது அன்று. குடும்பப்பெயர்கள் நிலைபெற்ற காலத்தில் நாட்டின் எந்தப் பகுதியில் எந்தச் சொல் வழங்கியதோ, அதுவே அங்கே பெயராக உறைந்தது. வாக்கருக்கும் டக்கருக்கும் இடையிலான வேறுபாடு குலத்தால் வந்ததன்று; வட்டார வழக்கால் வந்தது. இருவரும் செய்தது ஒரே வேலை. அக்கம்பக்கத்தார் அதை அழைத்த சொல் மட்டுமே வேறு.

இதனால் விளையும் பயன் பெரிது. இலண்டனைச் சுற்றியமைந்த பொதுமொழி தென்கிழக்கின் சொல்லைத் தெரிவுசெய்ததால், தொழிலின் பெயராக ‘ஃபுல்லர்’ மட்டுமே அகராதியின் நடுவீட்டில் அமர்ந்தது. வடக்கு, தென்மேற்கு வழக்குகளின் சொற்கள் பேச்சிலிருந்து பெரும்பாலும் மறைந்தன. ஹெரால்ட் ஆர்ட்டன் தலைமையில் லீட்ஸ் பல்கலைக்கழகம் 1950க்கும் 1961க்கும் இடையே 313 ஊர்களில் வட்டார வழக்குகளைத் திரட்டியபோது, கையால் செய்த பழைய தொழில்கள் பலவற்றின் உலகமே போய்விட்டிருந்தது. கேட்பதற்கு ஆளில்லாத சொற்களின் எல்லையை மக்களின் பெயர்களே காத்து வைத்திருந்தன. குடும்பப்பெயரை வரலாற்றுக் கிளைமொழியியலின் மூலச்சான்றாகக் கருதுவது இதனால்தான். லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து வளர்ந்த ஆங்கிலக் குடும்பப்பெயர் ஆய்வு வரிசையும், 2016இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு குடும்பப்பெயர் அகராதியும் இத்தகைய பரவற் சான்றுகளைப் பெரிதும் பயன்கொண்டன.

இச்சான்றுக்கு வரம்புகளும் உண்டு. இடைக்கால எழுத்தர் பலர் இலத்தீனில் எழுதியவர்கள். ஆவணத்தில் ‘ஃபுல்லோ’ என்று இருந்தால், அம்மனிதர் ஊரில் வாக்கர் எனப்பட்டாரா டக்கர் எனப்பட்டாரா என்பது மறைந்துவிடும். நியூகாஸில் அருகே வாக்கர் என்று ஓர் ஊரே உண்டு. ரோமானியர் எழுப்பிய மதிலையொட்டிய சதுப்புநிலம் என்பது அவ்வூர்ப்பெயரின் பொருள். துணித் தொழிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிப் பெயரான ‘மக் அன் உகதர்’, அதாவது துணி மிதிப்பவரின் மகன், ஆங்கிலத்திற்கு மாறியபோது வாக்கர் ஆகியிருக்கிறது. அயர்லாந்தின் ‘ஓ டுவாகர்’ ஒலியொப்புமையால் டக்கர் ஆனதுண்டு. ஒரே எழுத்துக்கூட்டல் ஒரே வேரைக் காட்டிவிடாது.

அடுத்த கேள்வி: பெயர் தொழிலோடு எவ்வளவு காலம் ஒட்டியிருந்தது? நிலவுரிமையும் வரியும் வழக்குமன்றப் பதிவும் ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறிய வேண்டிய தேவையை வளர்த்தன. இங்கிலாந்தின் தெற்கில் 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள்ளும், வடக்கில் அதற்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்தும் பெரும்பாலானோர்க்குத் தந்தைவழிப் பெயர் நிலைபெற்றுவிட்டது. பெயர் மரபுவழிப்பட்ட அந்தக் கணமே தொழிலுடனான அதன் கட்டு அவிழத் தொடங்கியது. தலைவரிக்காக 1379இல் யார்க்ஷயரின் மேற்குப் பகுதியில் எழுதப்பட்ட பட்டியல்களில் பெயரோடு தொழிலும் சில இடங்களில் குறிக்கப்பட்டுள்ளது. சிலரிடம் இரண்டும் ஒத்துள்ளன, சிலரிடம் ஒத்துப்போகவில்லை. மகன் தையற்காரன் ஆனாலும் வாக்கராகவே இருந்தான். தொழில் மாறியவனை ஊர் தடுக்கவுமில்லை, பெயரைத் திருத்தவுமில்லை.

இன்று வாக்கர் மிகுந்தும் டக்கரும் ஃபுல்லரும் குறைந்தும் இருப்பதைக் கொண்டு, வடக்கில்தான் அத்தொழில் செய்தோர் மிகுதி என்று கணக்கிடுவதும் பிழை. தொழிற்புரட்சியின்போது லங்காஷயரும் யார்க்ஷயரும் கண்ட மக்கள்தொகைப் பெருக்கம் அங்கிருந்த பெயர்களையெல்லாம் பெருக்கியது. ஆண்மக்கள் இல்லாத குடும்பங்களின் பெயர்கள் மறைவதும், பிள்ளைகள் மிகுந்த குடும்பங்களின் பெயர்கள் தழைப்பதும் நிகழ்தகவின் விளையாட்டு. கால்டனும் வாட்சனும் 1870களிலேயே பெயர்கள் அற்றுப்போவதைக் கணிதச் சிக்கலாக முன்வைத்தார்கள்; அதிலிருந்து பிறந்ததே இன்று கிளைப்புச் செயன்முறை என்று அறியப்படும் கணிதத்துறை. எண்ணிக்கை என்பது பெயரின் தகுதிச் சான்றிதழ் ஆகாது.

குருதிக் கதையும் இங்கே நிற்காது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்லிங் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 40 பிரித்தானியக் குடும்பப்பெயர்களைத் தாங்கிய ஆண்களின் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டது. அரிய பெயரைத் தாங்கியோரிடையே பொது முன்னோர் இருந்ததற்கான தடயம் வலுவாக இருந்தது. ஸ்மித் போன்ற பெருவழக்குப் பெயரைத் தாங்கியோரிடையே அத்தகைய உறவு, பெயரொற்றுமை இல்லாதவரிடையே காணப்படுவதைவிட மிகுதியாக இல்லை. ஊர்தோறும் தனித்தனியே தோன்றிய பெயருக்கு இதுவே இயல்பு. ஆயினும் ‘வாக்கர் குடும்பச் சின்னம்’ என்று பீங்கான் கோப்பையில் அச்சிட்டு விற்கும் வணிகம் செழிக்கிறது. ஆங்கில மரபில் சின்னம் வழங்கப்படுவது தனிமனிதருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும். ஒரு பெயரைத் தாங்கிய அனைவருக்கும் அன்று.

கடல் கடந்தபின் பெயரின் வரலாறு இன்னும் கடுமையாகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இன்று 5 லட்சத்திற்கும் மேற்பட்டோர் வாக்கர் என்ற பெயருடையோர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். அடிமை முறையின் எச்சம் அக்கணக்கில் உறைந்திருக்கிறது. அடிமைத்தனத்தை எதிர்த்து 1829இல் புகழ்பெற்ற முறையீட்டை வெளியிட்ட டேவிட் வாக்கரின் தந்தை ஓர் அடிமை. அழகுப்பொருள் தொழிலால் செல்வம் ஈட்டிய மேடம் சி.ஜே. வாக்கர், 1867இல் சாரா பிரீட்லவ் என்ற பெயரில் பிறந்தவர். வாக்கர் அவருக்குத் திருமணத்தால் வந்த பெயர். ஆஸ்திரேலியாவில் கேத் வாக்கர் என்று அறியப்பட்ட பழங்குடிக் கவிஞர், வெள்ளையர் குடியேற்றத்தின் இருநூற்றாண்டு விழா 1988இல் கொண்டாடப்பட்டதை எதிர்த்து அப்பெயரைத் துறந்து, ஊட்ஜெரூ நூனுக்கல் என்ற பெயரை ஏற்றார். இவர்களுள் எவர் பெயரையும் யார்க்ஷயரின் துணித் தொட்டியைக் கொண்டு விளக்கிவிட முடியாது. பெயரின் சொற்பிறப்பு வேறு. அப்பெயர் ஒரு மனிதரிடம் வந்து சேர்ந்த வழி வேறு.

இப்போது தொடக்கத்தில் கண்ட வாதத்திற்குத் திரும்பலாம். அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில், சாதியின் உயிர்நிலை அகமணமே என்று நிறுவினார். தொழிற்பிரிவினையோ பெயரோ தனித்து நின்று சாதியை ஆக்குவதில்லை. மணவெல்லையை மூடுவதே அதை ஆக்குகிறது. அவ்வளவுகோலை இங்கே வைத்துப் பார்க்கலாம். வாக்கர் வீட்டுப் பெண் டக்கர் வீட்டில் மணம் முடிப்பதைத் தடுக்க எந்த விதியும் இருந்ததில்லை. மணமானதும் அவள் தன் பெயரையே மாற்றிக்கொண்டாள். மணத்தால் பெயர் மாறும் ஒரு முறையில், பெயர் மணத்திற்கு எல்லையாக இருப்பது எங்ஙனம்?

எதிர்த்தரப்புக்குரிய நியாயத்தையும் மறைக்கலாகாது. இங்கிலாந்து சமத்துவப் பூங்காவாக இருந்ததில்லை. தொழிற்சங்கங்கள் பயிற்சியையும் உறுப்புரிமையையும் கட்டுப்படுத்தின. தந்தை தொழிலை மகன் ஏற்பது பெருவழக்கு. பொருளியல் வரலாற்றாசிரியர் கிரெகரி கிளார்க் 2014இல் வெளியிட்ட நூலில், நார்மானிய மேட்டுக்குடிப் பெயர்களின் ஏற்றம் பல நூற்றாண்டுகள் நீடித்ததைக் குடும்பப்பெயர்களைக் கொண்டே காட்டினார். வர்க்கம் அங்கே நெடிது வாழ்ந்தது. ஆனால் அதே நூல் மற்றொன்றையும் சொல்கிறது: கைவினைஞரின் தொழில்வழிப் பெயர்கள் 1500 அளவிலேயே ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் மக்கள்தொகைக்கு ஒத்த விகிதத்தை எட்டிவிட்டன. இறங்கியோரும் ஏறியோரும் ஒரே பெயரைத் தாங்கினர். அதனால் பெயர், அதைத் தாங்கியவரின் நிலையைக் காட்டும் ஆற்றலை இழந்தது. இந்தியச் சாதிப் பெயரோ, கேட்ட மாத்திரத்தில் நிலையைச் சொல்லிவிடும் ஆற்றலை இன்றும் இழக்கவில்லை. விண்ணப்பத்தில் பெயரைக் கண்டதும் மாறும் முகக்குறிப்பை ஆய்வு மாணவர் பலர் அறிவர்.

மொழிபெயர்ப்பிலேயே இவ்வேறுபாடு பதிந்துள்ளது. மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் இயலில், இயேசுவின் ஆடை எந்தத் துணி வெளுப்பவராலும் ஆக்கமுடியாத வெண்மை பெற்றதாக ஓரிடம் உண்டு. ஆங்கில விவிலியத்தில் அங்கே வருபவர் ஃபுல்லர். தமிழில் நெடுங்காலமாக வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு அவரை ‘வண்ணான்’ என்றது. பின்வந்த திருவிவிலியம் ‘சலவைக்காரர்’ என்றது. ஆங்கிலத்தில் ஃபுல்லர் என்ற சொல் குடும்பப்பெயரான பின்பும் எவரையும் இழிவுபடுத்தாமல் நின்றது; அதைத் திருத்த வேண்டிய தேவை எழவில்லை. தமிழில் தொழிலின் பெயரே ஒரு மக்கட்பிரிவின் பெயராகவும், அப்பிரிவின்மீது சுமத்தப்பட்ட தாழ்வின் பெயராகவும் இருந்ததால் சொல்லை மாற்ற நேர்ந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்போர் இந்த மாற்றத்திற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

ஒப்பீடே வேண்டாம் என்பது முடிவன்று. ஒப்பிடுவோர் பெயரின் அகராதிப் பொருளோடு நின்றுவிடலாகாது. அப்பெயருடையோர் யாரை மணந்தனர், எத்தொழிலுக்குச் செல்ல முடிந்தது, பெயரைக் கேட்டவர் அவரை எங்கே உட்காரவைத்தார் என்ற மூன்றையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். இம்மூன்றிற்கும் விடை தேடாமல் ஸ்மித்தையும் வாக்கரையும் சாட்சிக்கு அழைப்பது, அவர்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் வாயில் திணிப்பதாகும். வாக்கர் என்ற பெயர் உறுதியாகச் சொல்வது ஒன்றே: வடக்கு இங்கிலாந்தில் ஒருகாலத்தில் இத்தொழிலுக்கு இப்படி ஒரு சொல் வழங்கியது. அடுத்தமுறை கருத்தரங்கில் இந்த வாதம் எழும்போது, மாணவர்கள் அந்த நிலப்படத்தையும் அம்பேத்கரின் கட்டுரையையும் ஒருசேர மேசைமீது விரிக்கலாம்.